கம்பெனி கார்டு

கம்ப்யூட்டர் திரையில் எபி வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நின்றான். கனடாவில் அவன் தோசையை விழுங்கினானா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

"போச்சு! வேலைய விட்டுட்டுத் தாம்பரத்துக்கே வந்துடுன்னு மகன்கிட்ட சொல்றப்பதான் நெட் போகணுமா?" என்று மேசையைத் தட்டினார் அசரியா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தட்ட அவருக்கு ஒரு மேசை எப்போதும் தேவை.

கம்ப்யூட்டரில் வைஃபை பிடிக்க ஒரு மலிவான நெட்வொர்க் கார்டை மாட்டிக் கொடுத்த மைத்துனன் ஜாய்சன் சோபாவில் நெளிந்தான்.

"சிக்னல் முழுசா காட்டுது அத்தான்."

"காட்டும், காட்டும்! பேரே இல்லாத கம்பெனி. ஞானஸ்நானம்கூட ஆகாத சரக்கு!"

மறுநாளே மேற்குத் தாம்பரம் போய்ப் பெரிய கம்பெனி கார்டாக வாங்கி வந்தார். பெட்டியே கும்பிடச் சொன்னது.

அடுத்த ஞாயிறு படம் கண்ணாடிபோல் வந்தது. அந்த உற்சாகத்தில் மருமகள் வேலைக்குப் போவது பற்றியும் அசரியா அறிவுரையைத் தொடங்கினார். இம்முறை எபியோடு மருமகள் ஜெரூஷாவும் உறைந்துபோனாள்.

"இது கம்பெனி கார்டுதானே?" என்றாள் மனைவி சாராள்.

"உன் தம்பி கை வெச்ச மெஷின். எந்த கார்டப் போட்டாலும் விளங்காது!"

ஜாய்சன் பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்து போனான். "இனிமே உங்க வீட்டுப் பக்கமே வரல அத்தான்." அன்றிலிருந்து சாராளும் கணவரோடு பேச்சை நிறுத்தினாள்.

அசரியா அசரவில்லை. நண்டுக் கொடுக்குபோல் ஆன்டெனா நீட்டிய, கம்பெனியிலேயே உசத்தியான கார்டை வாங்கினார். கம்ப்யூட்டரை மோடத்தின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டார். இப்போது எபியின் தாடியில் நரைமுடிகூடத் தெரிந்தது.

"எபி, ஊருக்கு வர்றத பத்தி என்ன முடிவு பண்ண?"

எபி உறைந்தான். ஜெரூஷா உறைந்தாள்.

அசரியா கொதித்தார். கார்டைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், ஜாய்சனின் பரம்பரையையே திட்டினார். மூச்சு வாங்கியபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கேமராவுக்கு அப்பாலிருந்து பேத்தி டெபோராவின் குரல் கணீரென்று கேட்டது:

"தாத்தா, சீக்கிரம் முடிங்க. அப்பாவால எவ்ளோ நேரந்தான் கண்ணு சிமிட்டாம இருக்க முடியும்?"