பளிங்கு மாமா முற்றம் காத்த படலம்

“என் முற்றத்துல பெய்யிற மழைக்கு நான் எதுக்குப் பணம் கட்டணும்? மழைய நானா வரச்சொன்னேன்?”

“பெய்யிறது உங்க முற்றத்துலதான் அண்ணே. வந்து நிக்கிறது என் தையல் மெஷின் காலடியில.”

“தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அதுக்கு என்னைக் கேட்டா எப்படி? பூமியக் கேளும்மா.”

இருபெருஞ் சேனைகளின் முரசங்கள் எதிரெதிர் நின்று அதிர்ந்தாற்போல் இக்குரல்கள் மோதிய அக்கணத்தில், மின்கம்பத்துக் காக்கைகள் சிதறின. தெருநாய்கள் வண்டிகளுக்கடியில் அரண் தேடின. பதினான்கு வீட்டுச் சன்னல்களும் காற்றுக்காகத் திறப்பனபோல் மெல்லத் திறந்தன. ஒட்டுக்கேட்போர்க்கு உற்ற துணையாகிய மெல்லிய சுவர்களே, துணி உலர்த்தும் சாக்கில் நெடுநேரம் நிற்க இடந்தரும் மொட்டைமாடிகளே, எமக்கு அருள்புரிவீராக. எண்ணூற்று நாற்பது சதுர அடி முற்றத்தை இண்டு இடுக்கின்றி வெண்பளிங்கால் மூடியவரும், அதில் விழும் ஒரு சருகையும் பகைவன் அம்பெனக் கருதி அக்கணமே அகற்றுபவரும், டைல்ஸ் கடைக்கு அதிபருமாகிய பளிங்கு மாமாவின் வெஞ்சமரை உரைக்கத் துணிந்தோம்.

போர் மூண்ட காரணம் இது. எம் நகரோ சிறியது. மழை வந்தால் மட்டும் பெரிதாகத் தெரியும். மூன்று நகராட்சித் தலைவர்கள் மூன்று தேர்தல்களில் நாட்டிய மூன்று அடிக்கற்களைத் தவிர எம் தெருவுக்கு வடிகால் என்று ஒன்று இருந்ததில்லை. அவற்றிலும் இரண்டு, நீரோட்டத்தை மறித்துக்கொண்டு நின்றன. தெருவோ மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிச் சரிவது. மேட்டின் உச்சியில் மாமாவின் மாளிகை. பள்ளத்தின் அடியில் டெய்லர் அக்காவின் வாடகை வீடு. சென்ற மழைக்காலத்தில் மும்முறை, மாமாவின் முற்றத்தில் ஒரு துளியும் தங்காது வழுக்கிப் பாய்ந்த வெள்ளம், குதிரைப்படை கோட்டைக்குள் புகுந்தாற்போல் அக்காவின் முன்னறைக்குள் புகுந்து, பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் நாற்பதையும் தோணிகளாக மிதக்கவிட்டது. இன்னொரு முறை மிதந்தால் அந்தப் பள்ளிக்கூடம் வேறு டெய்லரைப் பார்த்துக்கொள்ளும் என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்நிலையில்தான் நகராட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. வடிகால் வெட்டப்படும், செலவைத் தெருவார் மழைநீர்க் கட்டணமாகப் பகிர வேண்டும். நீர் இறங்காத தரை எத்தனை அடியோ, அத்தனைக்குக் கட்டணம். மண் தரைக்கு விலக்கு. பதினான்கு வீட்டாரும் மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வடிகால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். பதின்மூவர் இட்டனர். பதினான்காம் இடம், மணமகன் வராத மேடைபோல் வெறுமையாய்க் கிடந்தது.

மாதம் நான்கு காப்பிக்கு ஆகும் தொகைதான். ஆயினும் மாமாவின் மானம் காப்பிக் கணக்கில் அடங்குவதன்று. தெருவிலேயே மிகுதியான கட்டணம் தம் பெயருக்கு நேரே அச்சாகி வந்ததைக் கண்ட அவர், புண்பட்ட வேங்கைபோல் வாயிற்படியில் நின்று, டேப்பும் பலகையும் ஏந்தி வந்த நகராட்சி அளவுக்காரரை நோக்கிப் பிரகடனம் செய்தார்.

“எழுதிக்கோங்க. என் முற்றம் மண் தரை. பளிங்கு சும்மா மேல கிடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துருவேன்.”

அளவுக்காரர் நகராட்சியில் பத்தொன்பது ஆண்டு அளந்தவர். எதற்கும் வியப்பதை எப்போதோ நிறுத்திவிட்டவர். “எடுங்க சார். சனிக்கிழமை வர்றேன். ஒரு வாளி தண்ணி ஊத்துவோம். ஏழு நிமிஷத்துல உள்ள போச்சுன்னா மண் தரை” என்று கூறி, டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

பளிங்கை எடுப்பதாவது! தம் கண்ணைத் தாமே பறிப்பாருண்டோ? வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆறு லாரிகள், போர்க்களம் புகும் யானைகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்ணைக் கக்கின. ஓரடி உயரத்துக்கு முற்றம் முழுதும் செம்மண் பரவியது. வெளியே வழிந்துவிடாதபடி வாயிலில் செங்கல் வரம்பு எழுந்தது. பளிங்கெனும் பேரழகி மண்ணெனும் போர்வைக்குள் மறைந்தாள். மாமாவின் துணைவியார், தெருவே அத்தை என்றழைக்கும் அம்மையார், சுவரோரம் நின்று பக்கத்து வீட்டாரிடம் நியாயம் கேட்டார். “கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒரு ரோஜாத் தொட்டி வைக்க விட்டிருப்பாரா இந்த மனுஷன்? கறை படியுமாம். இப்ப பாருங்க, லாரி லாரியா கொட்டுறாரு.”

மறுநாள் வாளி வந்தது. பிளாஸ்டிக் வாளியே, நீ அன்று வெறும் வாளியோ? ஒரு தெருவின் ஊழைச் சுமந்த கலமன்றோ! அளவுக்காரர் உன்னைக் கவிழ்த்தார். வெயிலில் வறண்டிருந்த வந்தேறி மண், பாலைவனம் கடந்துவந்த ஒட்டகம்போல் நீரை உறிஞ்சி நாற்பதே நொடியில் உதடு துடைத்துக்கொண்டது. “நகர்லயே இதான் சார் வேகம்” என்று அளவுக்காரர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மண் தரை என்று எழுதினார். வென்ற வேந்தன் பகைவனின் ஓலையில் முத்திரை பதிப்பதுபோல் மாமா பதினான்காம் கையெழுத்தை இட்டார். பள்ளத்து வீட்டு டெய்லர் அக்கா இரண்டு கைகளையும் குவித்துவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று மாமாவுக்கு விளங்கவில்லை, இருந்தும் ஏற்றுக்கொண்டார்.

வெற்றி பதினொரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் காலை, கடப்பாரையும் மண்வெட்டியும் தாங்கிய அறுவர் படை, அளவுக்காரர் தலைமையில் மாமாவின் வாயிலில் அணிவகுத்தது. வடிகால் திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தில், எவரும் படிக்காத ஓரிடத்தில், ஒரு விதி பதுங்கியிருந்தது: தெருவில் எந்த முற்றம் மிக வேகமாக நீரைக் குடிக்கிறதோ, அங்கேயே தெருமுழுமைக்குமான உறிஞ்சுகுழி வெட்டப்படும். மேட்டில் பெய்வது பள்ளத்துக்குப் போகுமுன் மேட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு.

மாமா மறிக்க வாயெடுப்பதற்குள் முதல் கடப்பாரை இறங்கியது. ஓரடி மண்ணைக் கடந்ததும், வாளொடு வாள் உரசியதுபோல் ‘டங்’ என்றொரு நாதம் எழுந்து பதினான்கு வீட்டிலும் எதிரொலித்தது.

“கீழ பளிங்கு இருக்கே சார்” என்றார் அளவுக்காரர்.

மாமாவின் வீரம் அந்நேரத்திலும் மங்கவில்லை. “அந்தக் காலத்து அரண்மனைத் தரையா இருக்கும்” என்றார்.

அளவுக்காரர் குனிந்து, உடைந்த துண்டொன்றைப் புரட்டி, அதன் முதுகிலிருந்த கடை முத்திரையை நிதானமாக வாசித்தார். “ராஜாவும் உங்க கடையிலதான் வாங்கியிருக்காரு போல.”

பதினான்கு வீட்டுச் சிரிப்பும் அடங்க வெகுநேரமாயிற்று. மாமாவைத் தவிரச் சிரிக்காதவர் ஒருவர்தான். டெய்லர் அக்கா, கழுத்தில் தொங்கும் அளவுநாடாவோடு மேட்டுக்கு ஓடிவந்திருந்தார். மாமா பொய் சொன்னதாக எழுதினால் அவர் கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லாவிட்டால் வடிகால் அடுத்த தெருவுக்கு. மாத இறுதிக்கோ ஒரு நாள்தான் மிச்சம். அதுவரை மாமாவை வசைபாடிய அவ்வாய், அன்று அவருக்காக வாதாடியது.

“சார், மண்ணுன்னா நாலு கல்லு கிடக்கத்தான் செய்யும். நீங்க பார்த்ததே இல்லையா?” பிறகு மாமாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லார்க்கும் கேட்கும்படி: “அண்ணே, பேசாம நில்லுங்க. அவங்க தோண்டட்டும்.”

அளவுக்காரர் அக்காவைப் பார்த்தார். உடைந்த துண்டைப் பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார். பின்பு பலகையில் எழுதினார்: “மண் தரை. சில கற்கள் காணப்பட்டன.”

அந்தோ, அதன்பின் நிகழ்ந்த அழிவை எந்நாவால் உரைப்போம்! கடப்பாரைகள் உயர்ந்து தாழ, ஒவ்வோர் ஓசைக்கும் மாமா தம் விலா எலும்பு முறிந்தாற்போல் துடிக்க, ஒத்துக்கொள்ளவும் முடியாமல் தடுக்கவும் முடியாமல் தம் கற்கள் தம் எதிரே தூளாவதைக் கண்டு, கேட்டோரிடமெல்லாம் “பழைய கல்லுதான், பரவாயில்ல” என்று அவர் புன்னகைத்த அப்புன்னகைக்கு ஈடாகப் போர்க்களத்தில் வீழ்ந்த எந்த மன்னனின் புன்னகையும் நில்லாது. பன்னிரண்டடி ஆழக் குழி பிறந்தது. அத்தை அதன் ஓரத்தில் அன்றைக்கே ரோஜா நட்டார்.

கருமேகப் படை அடுத்த மாதம் வந்தது. மூன்று நாள் முழங்கியது. மேட்டு நீரெல்லாம் புதுவடிகால் வழியே திரண்டு, தோற்ற சேனை சிறைபுகுவதுபோல் மாமாவின் முற்றத்துக்குள் இறங்கி மறைந்தது. பள்ளத்து வீட்டில் ஒரு சீருடையும் நனையவில்லை. எம் தெரு கண்டறியாத அதிசயமாக, அந்த முன்னறையின் தரையை எல்லாரும் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்து வந்தனர். வீட்டுச் சொந்தக்காரரும் வந்து பார்த்தார்.

அவர் தம் மகனுக்குக் கல்யாணம் செய்து அந்த வீட்டிலேயே குடிவைத்தார், டெய்லர் அக்கா வடிகால் வராத அடுத்த தெருவுக்கு மாறிப் போனார்.