தூண் ஆஹா சொல்லாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலமா என்று எனக்கே விளங்கவில்லை. உன் அக்கா நலம் என்பது, முந்தாநாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டிருப்பாய். நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

கல்யாணமான புதிதில் அவளை ஒரு கச்சேரிக்கு அழைத்துப்போய், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு முழுவதையும் பதிவு செய்தேன். அந்தக் கேசட்டில், பாடகி மெதுவாக ஒரு சுரத்தில் போய் நிற்கிற இடத்தில், பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் "ஆஹா" என்கிறது. உடனே 'டொக்' என்று தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்தத் தட்டின் அருமையை நான் விளக்காத நண்பர் கிடையாது. அந்த ஆஹா உன் அக்காவுடையது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான். சொன்னால் கூச்சப்படுவாள் என்று விட்டுவிட்டேன். நான் கேசட்டைப் போட்டாலே அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தாளிக்கிற புகை டேப்பில் படக்கூடாது என்கிற அக்கறை என்று நினைத்திருந்தேன். பணிமனையில் பஸ் என்ஜின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அந்த ஆஹாவைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். நமக்கு வாய்த்தவளுக்கும் நம்மைப் போலவே காது இருக்கிறது என்று ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

போன மாதம் டேப் ரெக்கார்டர் மண்டையைப் போட்டது. மருமகன் கேசட்டை வாங்கிப்போய், பாட்டையெல்லாம் செல்போனில் ஏற்றி, இரைச்சலையும் நீக்கிக் கொடுத்தார். கேட்டால் ஆஹாவைக் காணோம், டொக்கையும் காணோம். "தேவையில்லாத சத்தமெல்லாம் எடுத்துட்டேன் மாமா" என்கிறார். மருமகனை என்ன சொல்ல முடியும்? அந்த நேரம் பார்த்து அதே பாடகி வயதான காலத்தில் நம் ஊருக்குப் பாட வந்தார். நேரிலேயே ஆஹாவை வாங்கிவிடலாம் என்று உன் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பாதிப் பாட்டில் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். என் கேசட்டில் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிப்போட வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தம்மா நிறுத்தாமல் பாடிக்கொண்டே போகிறார், அதில் நான் கேட்டே இராத ஒரு வரி வேறு வருகிறது. ஒரிஜினல் எது, கோளாறு எது என்று புரியாமல் விழிக்கும்போதே அந்தச் சுரம் வந்துவிட்டது. உன் அக்காவை முழங்கையால் இடித்து, "சொல்லு" என்றேன்.

"என்னத்தச் சொல்ல?"

"ஆஹான்னு சொல்லு. அன்னிக்குச் சொன்னியே."

"நானா? எனக்குப் பாட்டுன்னாலே தலைவலிங்க. அப்போ உங்க பக்கத்துல உக்காந்து ஆஹா சொன்னவ யாரு?"

அத்தோடு போச்சு, மாப்பிள்ளை. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு என் இடதுபக்கம் உன் அக்கா, வலதுபக்கம் தூண். தூண் ஆஹா சொல்லாது. என்ஜின் உறுமுவதை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொன்னவன் நான். பெண்டாட்டி குரல் தெரியாமலா குடித்தனம் நடத்தினேன்? அந்த ஆஹா அவளுடையது இல்லை என்றால், இத்தனை வருஷமும் நான் தனியாகத்தான் பாட்டுக் கேட்டிருக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. நீதான் பக்குவமாகப் பேசி அவளை அனுப்பிவைக்க வேண்டும். டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எப்படியும் ஓட வைத்துவிடுவேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், பாட்டு மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்து நிற்கிறாள், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாளாம். டேப் ரெக்கார்டரும் ஓடிவிட்டது. வாசலிலேயே நிறுத்திக் கேட்க வைத்தேன். ஆஹா வந்தது, டொக் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். "நான்தாங்க அது. எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தா செருப்பு முன் நாற்காலிக்கு அடியில போயிடுச்சு. காலாலயே துழாவி எடுத்துக் கீழ போட்டேன். செருப்பு கிடைச்சா ஆஹான்னு சொல்ல மாட்டாங்களா?" ஆகையால் மேலே எழுதியது எதையும் எழுதவில்லை என்று வைத்துக்கொள். தாளக்காரரைப் பற்றி நான் யாரிடம் என்ன சொல்லியிருந்தாலும் அதையும் மறந்துவிடு. செருப்புத்தான் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கண்ண மூடிக்கிட்டு அப்படி உக்காந்திருந்தீங்க. எழுப்ப மனசு வரல" என்றாள். சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.