குரோவருக்கு நான் வாங்கிக் கொடுத்த குட்டி வீடு

லா பாஸ்,
ஜூன் மாதக் கடைசி வெள்ளி

சுக்ரே நகரத்து வெள்ளைச் சுவர் வீட்டில், அத்தானுக்கும் கிளிக்கும் நடுவே சௌக்கியமாக வீற்றிருக்கும் என் மூத்த சகோதரி லியோகாதியா அக்கா அவர்களின் சமுகத்துக்கு, தம்பி காசியானோ மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். நலம் என்பது உன் தம்பி பெண்டாட்டி தெல்ஃபினாவின் அபிப்பிராயம்; புருஷனான என் அபிப்பிராயம் வேறு, அது கீழே வருகிறது. அத்தானின் முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா, கிளி இன்னும் பாதிரியாரைத் திட்டுகிறதா என்றெல்லாம் அறிய ஆவல். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறானே என்று நீ நினைக்கலாம். என் போனை எனக்கு முன்னால் தெல்ஃபினா பார்த்துவிடுவாள். குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதலாமென்றால் அதன் நிர்வாகி என் சகலை குரோவர். குழுவின் பெயரே 'குரோவருடன் ஒரு பயணம்'. பயணம் என்னுடையது, அக்கா. போட்டிருப்பது அவன் பெயர். அதனால்தான் இதை ஒட்டி, பஸ் நிலையத்தில் சுக்ரே வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்பலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியாததில்லை, எங்கள் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பொலிவியாவின் வரைபடம் ஒன்று எத்தனை வருஷமாகக் கிடக்கிறது என்று. அதில் சிவப்புப் பென்சிலால் நான் போட்ட கோடு ஒன்றும் கிடக்கிறது. முதலில் ஆளை விழுங்கும் பழைய மலைச்சாலையில் சைக்கிளில் கொரோய்க்கோவுக்கு இறங்குவது, அங்கிருந்து ருரெனபாக்கே காட்டில் படகு, முதலைகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறி ஒருரோ வழியாக உயுனியின் உப்பு வெளி, பிறகு போட்டோசியில் வெள்ளிச் சுரங்கம், கடைசியில் உன் சுக்ரேயில் பாறைச் சுவரில் டைனோசர் கால்தடம், உன் கையால் சாசேஜ். பூகோள வாத்தியாராகிய நான் இந்த ஊர்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக நடத்துகிறேன். போனது ஒருரோ வரைக்கும்தான். கொரோய்க்கோவுக்கு ஒரு தடவை போனேன், வெக்கை தாங்காமல் ஆரஞ்சுக்காரியின் கூடைமேல் மயங்கி விழுந்ததால் அதைப் போனதாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் பியூனஸ் அயர்ஸுக்குப் பிழைக்கப் போன பிறகு, இந்தக் குளிர்கால விடுமுறையில் எப்படியும் கிளம்பிவிடுவது என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடுவதற்குள் குரோவர் ஜீப் வாங்கிவிட்டான்.

ஜீப் என்றால் நீ பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. ஜப்பானில் பத்துப் பேர் ஓட்டிக் களைத்த வண்டி. வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இங்கே இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். வேகம் காட்டும் முள்ளை மாற்றவில்லை, அது வலது பக்கத்திலேயே தங்கிவிட்டது. ஆகவே ஓட்டுகிறவனுக்குத் தன் வேகம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடம்தான், அக்கா, இந்தப் பயணத்தின் சிம்மாசனம். கையில் வரைபடம், கண்ணெதிரே முள், வாயில் ஊர்ப் பெயர்கள். அது எனக்கு என்று பிறந்த இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நம் ஜனங்கள் பந்து வாங்க மூன்று பேர் கூடினாலே ஒரு நிர்வாகக் குழு வேண்டும். பயணத்துக்கும் தேர்தல் வைத்தார்கள். என் மாமியார் தோன்யா அசுந்தா தலைமை தாங்கினார். திட்டம் போட்டவனைத் தலைவராக்குவார்கள் என்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நன்றியுரைகூடத் தயாராக வைத்திருந்தேன். தலைவர் குரோவர். பொருளாளர் அவன் பெண்டாட்டி நியேவெஸ். தொடர்புச் செயலாளர் அவளுடைய அக்காவும் என் மனைவியுமான தெல்ஃபினா. கௌரவத் தலைவர் மாமியாரே. எனக்குக் கிடைத்தது 'இரண்டாம் உறுப்பினர்'. சரி, முதல் உறுப்பினர் யார் என்று கேட்டேன்.

"அது காலியா இருக்கு மாப்ள," என்றார் மாமியார். "நல்ல ஆளா யாராச்சும் வந்தா போட்டுக்கலாம்னு வச்சிருக்கோம்."

பதவியேற்பு விழாவாக ஜீப்பை ஏரிக்கரையிலுள்ள கோபகபானா மாதா கோயிலுக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனோம். முன் சீட்டில் தெல்ஃபினாவை ஏற்றினான் குரோவர். தெல்ஃபினா அக்காவுக்குக் கண் கூர்மையாம். என்னைப் பின்னால், ஸ்டெப்னிக்கும் மாமியாருக்கும் நடுவே சொருகினார்கள். ஏரி தெரிகிற வரைக்கும் நான் கேட்டது ஒரே சங்கீதம்: "அறுபது, குரோவர்சீத்தோ... எழுபது, குரோவர்சீத்தோ..." நாம் ரொட்டிக்கும் சூப்புக்கும்கூடப் பெயரோடு அந்த 'சீத்தோ' கொஞ்சலை ஒட்டிச் சொல்கிறவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இந்த வீட்டில் பெயர் 'ப்ரொஃபே', வெறும் வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து தெல்ஃபினா எனக்கு வாசித்துச் சொன்ன எண்கள் எல்லாம் என் ரத்த அழுத்தத்தின் எண்கள். அதையும் இவ்வளவு இனிமையாகச் சொன்னதில்லை. கோயில் வாசலில் ஜீப்புக்கு மாலை போட்டு, பீர் தெளித்து, காகிதப்பூ தூவியபோது எல்லோரும் வண்டி பத்திரமாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரியும்.

அப்புறம் ஞாயிறுதோறும் ஆலோசனைக் கூட்டம். என் மேஜை, என் வரைபடம், அவன் விரல். நான் போட்ட கோட்டை அவன் தலைகீழாகத் திருப்பினான். சுக்ரேயிலிருந்து தொடங்கி, சைக்கிளில் முடிக்கணுமாம். ஏன் என்று கேட்டேன். "முதல்ல சாப்பாடு சகலை, சாவுறதெல்லாம் கடைசில பாத்துக்கலாம்," என்றான். அதற்குத் தெல்ஃபினா ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் எங்கள் கல்யாண வருஷத்தில் கடைசியாகக் கேட்டது. உப்பு வெளி எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரியாக இருந்தது என்று நான் விளக்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துவிடும். இன்னொன்று. குரோவர் சல்தேன்யா தின்னும்போது மாவு உறைக்குள்ளே இருக்கிற குழம்பு ஒரு சொட்டு சிந்தாது, நிமிர்ந்து உட்கார்ந்து, உறிஞ்சி, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு தின்பான். மாமியார் அதைத் திருப்பலி பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒரு ஞாயிறு, மேஜைக் கண்ணாடியைத் தூக்கிவைத்துவிட்டு வரைபடத்தில் கோடு அழித்துக்கொண்டிருந்த நேரம். அவனைப்போல நானும் சுண்டுவிரலைத் தூக்கினேன். என் சல்தேன்யா வயிறு கிழிந்து உயுனி முழுவதையும் குழம்பில் மூழ்கடித்தது. "பாருங்க, மறுபடி ஏரி ஆயிடுச்சு. ப்ரொஃபே சொன்னது சரிதான்," என்றான் குரோவர். மறுபடியும் அந்தச் சிரிப்பு.

இதற்குமேல் பொறுத்தால் நான் மனிதனே இல்லை. ஜனவரியில் அலசிட்டா சந்தை வந்தது. நீ சுக்ரேக்காரியாகி வெகுகாலம் ஆகிவிட்டது, மறந்திருப்பாய்: வருஷத்துக்குள் எது வேண்டுமோ அதன் குட்டி உருவத்தை அன்றைக்கு நடுப்பகலில் வாங்கி, பூசாரியிடம் புகை காட்டி, பூவும் சாராயமும் தெளித்து வைத்துக்கொண்டால் பெரியது தானாக வரும். நாமே வாங்குவதைவிட இன்னொருவர் மனசார வாங்கிக் கொடுத்தால் பலன் கூடுதல். நான் மனசார வாங்கினேன், அக்கா. குட்டிப் பெட்டிகள், குட்டி விமானங்கள் தொங்கிய கடைகளையெல்லாம் தாண்டிப்போய், இரண்டு மாடி வீடு ஒன்று, கட்டைவிரல் அளவு சிமென்ட் மூட்டைகள், கைப்பிடிச் செங்கல், ஒரு மணல் குவியல், எறும்பு தள்ளக்கூடிய ஒரு தள்ளுவண்டி எல்லாம் வாங்கினேன். வீடு கட்ட ஆரம்பித்தவன் எவனாவது உப்பு வெளிக்குப் போயிருக்கிறானா? பூசாரி இரண்டு தரம் புகை காட்டியும் போதாதென்று மூன்றாம் தரம் காட்டச் சொன்னேன். "சகலை, உங்க குடும்பத்துக்கு ஒரு மாடி எழும்பணும்," என்று குரோவர் கையில் வைத்தேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டான். தன் பங்குக்கு அவனும் ஒன்று நீட்டினான்: என் பெயர் எழுதி, முத்திரை குத்தி, உள்ளங்கைக்குள் அடங்குகிற நியமன உத்தரவு, தலைமை ஆசிரியராக. "இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க சகலை, உங்களுக்கு இது வரணும்," என்றான். பாவம், வெகுளி, என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி கைராசிக்காரர். ஈஸ்டர் வருவதற்குள் நியேவெஸுக்கு மாடி கட்டும் ஆசை வந்து, செங்கல் வந்து, கொத்தனார் வந்து, ஜீப் செங்கல் சுமக்கிற கழுதையாகிவிட்டது. போன வாரம் கூரைத்தளம் போட்டார்கள். நானும் சிமென்ட் சுமந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சுமந்ததில்லை. புதுத் தளத்துக்கு விடுமுறை முழுவதும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கொத்தனார் அதைச் சொன்னபோது நான் குரோவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைபிளில் கூடாது என்று சொன்ன சந்தோஷம் அது. அவன் ராஜினாமா செய்தான். முதல் உறுப்பினர் இடம் காலியாக இருந்ததால் விதிப்படி இரண்டாம் உறுப்பினரே பொறுப்புத் தலைவர். இதற்கிடையில் எங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்று, அந்தப் பொறுப்பும் என்னிடமே வந்தது. தகுதியைத் தாமதமாகவாவது பார்க்கிறார்கள். இரண்டு தலைமை, அக்கா, ஒரே வருஷத்தில்.

இனி என்ன குறை என்று கேட்பாய். குறை இதுதான்: வராதவன் வருகிறவனைவிடப் பெரிய ஆளாகிவிட்டான். "குரோவர் இல்லாம என்னத்த சிரிக்கப் போறோம்," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே தெல்ஃபினா கம்பளிகளை மடிக்கிறாள். ஊருக்கு ஊர் நிறுத்தி அவனை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டுவதாகத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. முதலையை அவனுக்குக் காட்ட வேண்டுமாம். ஆகையால் உன்னிடம் உடன்பிறந்த உரிமையோடு கேட்கிறேன். நாங்கள் வந்திறங்கியதும் குரோவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்காதே. சாசேஜை முதலில் என் தட்டில் வை. டைனோசர் கால்தடம் எப்படி வந்தது என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேள், நான் சொல்லி முடிக்கிறவரை அடுப்படிக்குப் போகாதே. நடுவில் எங்காவது ஒரு சிரிப்புச் சிரி. வீடியோ எடுக்க வந்தால் சுக்ரேயில் சிக்னல் இல்லை என்று சொல். ஜீப்பை நியேவெஸ் ஓட்டுகிறாள், செங்கல் சுமந்து சுமந்து நன்றாகப் பழகிவிட்டாள். முன் சீட்டில் நான். அது முடிவாகிவிட்டது. எனக்குப் பொறாமை என்று மாமியார் சொல்லித் திரிகிறார், நம்பாதே.

அத்தானுக்கு என் நமஸ்காரம், கிளிக்கு என் அன்பு. உன் அடுப்பு அணையாமலும் உன் அத்திமரம் பூச்சி விழாமலும் இருக்க எல்லாப் புனிதர்களும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆசிக்குக் காத்திருக்கும் தம்பி,
காசியானோ
(பொறுப்புத் தலைவர்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஒட்டுவதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவோடு ஆள் வந்தான். பொறுப்புத் தலைமை ஆசிரியர் விடுமுறையில் ஊரைவிட்டு நகரக் கூடாதாம், பள்ளிக்கூடத்து மேஜை நாற்காலியெல்லாம் சரிபார்க்கப் போகிறார்களாம். உத்தரவை எடுத்துக்கொண்டு நேரே குரோவரின் மொட்டைமாடிக்குப் போனேன். குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிருங்க சகலை. தலைமை வாத்தியாருக்கு லீவு கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் அந்தக் குட்டி உத்தரவை வாங்கிக் கொடுத்தேன். நீங்க அந்த மேப்பை விரிச்சா தெல்ஃபினா அக்கா முகத்துல ஒரு பெருமை வரும், நியேவெஸ் என்னை அப்படி ஒரு நாளும் பாத்ததில்ல. எத்தனை தரம் புகை காட்டுனேன் தெரியுமா?" என் கணக்கு மூன்று என்றேன். அவன் கணக்கு நான்கு தரமாம். அப்புறம் நானும் சிமென்ட் மூட்டை விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் தளத்துக்குத் தண்ணீர் விட்டோம்.

அலசிட்டா அன்றைக்குச் சந்தையில் தெல்ஃபினாவும் நியேவெஸும் ஒருத்திக்கொருத்தி ஒரு குட்டிப் பயணப் பெட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டார்களாம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாளைக் காலை தெல்ஃபினா, நியேவெஸ், மாமியார் மூவரும் கிளம்புகிறார்கள். கண்ணாடிக்கு அடியிலிருந்து வரைபடத்தை உருவிக்கொண்டுபோய் ஜீப்பில் வைத்தாயிற்று. குழம்பு ஊறிப்போன கறை மட்டும் மேஜைப் பலகையில் தங்கிவிட்டது. இந்தக் கடிதமும் பஸ்ஸில் அல்ல, தெல்ஃபினாவின் கைப்பையிலேயே வருகிறது, ஆகையால் பசை நிறையப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு வயிறாரச் சாசேஜ் போடு. முன் சீட்டில் தெல்ஃபினாதான் உட்கார்ந்து வருவாள், நியேவெஸுக்கு வேகம் சொல்லிக்கொண்டு. உன் தெருவுக்குள் ஜீப் திரும்பும்போது வாசலில் நின்று கேள், அக்கா. நான் இல்லாமல் எண் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது. இருந்தால் எழுத வேண்டாம்.