தேறாத பல்செட்

பல் இல்லாத முதியோருக்கு முழுப் பல்செட்டை இலவசமாக வழங்குவது அரசின் கடமை. வழங்கிய செட் மெல்லுகிறதா என்று சோதிப்பது அதைவிடப் பெரிய கடமை. செட் செய்கிறவன் நான். சோதிக்கிறவர் அதிகாரி.

முதல் செட்டை என் மாமனாருக்குத்தான் செய்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பல் போனபின் கஞ்சியே கதி. சாகிறதுக்குள் வேர்க்கடலையை நறுக்கென்று கடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு மாதம் இழைத்து இழைத்துச் செய்தேன்.

சோதனை அறையில் அதிகாரி பத்து வேர்க்கடலையை எண்ணி வைத்தார். மாமனார் கண்மூடித் திறப்பதற்குள் மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் பத்து கிடைக்குமா?" என்றார்.

"பிரமாதம்! நூத்துக்கு நூறு!" என்று எழுதிய அதிகாரி கையை நீட்டினார். "கழட்டிக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"நல்லா மெல்றீங்களே. மெல்ல முடியாதவங்களுக்குத்தான் செட். விதி நாலு."

"செட்டைப் போட்டதாலதானே மெல்றாரு!" என்றேன் நான்.

"அது காரணம். படிவத்துல காரணத்துக்குக் கட்டம் இல்ல."

செட் பீரோவுக்குள் போயிற்று. மாமனார் அழாத குறை.

"இப்ப உங்களால மெல்ல முடியாது. தாராளமா புதுசுக்கு விண்ணப்பிக்கலாம்," என்றார் அதிகாரி அன்போடு.

இப்படியே மூன்று செட் போயின. "மெல்ல வராத மாதிரி நடிங்க மாமா," என்று கெஞ்சிப் பார்த்தேன். வேர்க்கடலையைக் கண்டால் அந்த வாய் சும்மா இருக்குமா? நாலாவதை வேண்டுமென்றே கோணலாகச் செய்தேன். அவர் வாயைத் திறந்ததும் அது மேஜையில் விழுந்தது.

"தேறவில்லை. ஆயுசுக்கும் வெச்சுக்கலாம்," என்று முத்திரை குத்தினார் அதிகாரி. மாமனார் அதைப் போட்டோவுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார். குடிப்பது பழையபடி கஞ்சிதான்.

விஷயம் பரவி, ஊரே கோணல் செட்டுக்கு என் வாசலில் வரிசை கட்டியது. ஒன்றுகூடப் பறிமுதல் ஆகாததால், "பயனாளிகளிடம் நிலைத்து நிற்கும் செட்" என்று எனக்கு விருது கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஏழு வருஷம் போயிற்று. போன வாரம் அதே அதிகாரி கன்னம் ஒட்டிப்போய் வந்தார்.

"எனக்கு மட்டும் நல்லதா ஒண்ணு செஞ்சு குடுப்பா. சோதனைக்குப் போகாம நான் பாத்துக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், நல்லதாகச் செய்யத்தான் பார்த்தேன். கோணலே செய்து பழகிய கை கோணலாகத்தான் போயிற்று. அவர் "நன்றி" என்று சொல்ல வாயைத் திறந்தார். செட் மடியில் விழுந்தது.

"என்னய்யா இது?"

"கவலைப்படாதீங்க சார்," என்றேன். "சோதனைக்கே தைரியமா போங்க. ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்."