மோசமான நாளில் பார்த்த கல்லூரி

என் மகளை உள்ளூர்க் கல்லூரியில்தான் சேர்ப்பது என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இப்படித்தான் சேதமில்லாமல் இருக்கின்றன.

காரணம் படிப்பு இல்லை. அந்த வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் மாட்டுகிறவன். என் மனைவி தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருக்கிறாள். உறையைக் கையில் வாங்கியதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று எடை போட்டுவிடுவாள். என்னையும் அப்படித்தான். மகள் போய்விட்டால் நானும் எடைக்கல்லும் மட்டும்தான் மிச்சம்.

மகளுக்கோ மலைமேல் இருக்கிற தூரத்துக் கல்லூரிமேல் ஒரு கண். தாவரவியல் அங்கேதான் நன்றாக இருக்குமாம்.

"எதுல சேர்றதா இருந்தாலும் நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சேரட்டும்," என்றாள் மனைவி. "விளம்பரத்துல எல்லாக் காலேஜும் பச்சைப் பசேல்னுதான் இருக்கும்."

"நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"நீங்களா?"

"ஏன், நான் அப்பன் இல்லையா?"

மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். ஸ்டாம்ப் பத்தாத உறையைப் பார்க்கிற பார்வை. "சரி, போயிட்டு வாங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் கடையிலிருந்து மலைக் கல்லூரிக்குப் போன் போட்டேன். "எப்ப வந்தா சார் பார்க்க நல்லா இருக்கும்?"

"இப்ப மட்டும் வந்துடாதீங்க. லீவு விட்டாச்சு. மழை வேற. ஹாஸ்டலுக்கு வெள்ளையடிக்கிறாங்க, கேன்டீனும் மூடியாச்சு."

அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

போய் இறங்கியபோது வானம் கரியைப் பூசிக்கொண்டு நின்றது. எங்களிடம் இருந்தது ஒரே குடை, அதிலும் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. கல்லூரி என்றால் கல் ஊறுகிற இடம் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சுவர், படிக்கட்டு, வாசல் பெஞ்சு எல்லாம் ஊறிக் கிடந்தன. வாட்ச்மேன் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த நேரத்துல யாராவது வருவாங்களா?" என்றார்.

"அதான் நாங்க வந்தோம்," என்றேன்.

ஹாஸ்டல் அறையைத் திறந்து காட்டினார். ஒரு இரும்புக் கட்டில். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி. சுண்ணாம்பு வாடை மூக்கைத் துளைத்தது. எனக்குள் ஒரே குதூகலம்.

"பாவம், இங்க எப்படிம்மா தூங்குவாங்க?" என்றேன் உருக்கமாக.

மகள் குனிந்து காலைப் பார்த்தாள். அவள் செருப்பு வேறு அறுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் கையில் பூதக்கண்ணாடியோடு வந்தாள். மூன்றாம் வருட மாணவி. பாறையில் முளைக்கிற பாசியைப் பற்றி ஆராய்ச்சியாம். அதற்கு மழைதான் வேண்டுமாம், அதனால் லீவுக்கு வீட்டுக்குப் போகவில்லையாம். "நீயும் வர்றியா?" என்று கேட்டாள். என் மகள் அறுந்த செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டாள்.

ஒழுகாத இடம் தேடி வராந்தாவில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன். நான் எங்கே போனாலும் ஒழுகல் பின்னாலேயே வந்தது. மகள் திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. எனக்குத் தும்மல்.

ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ரொம்ப மோசமா இருந்துச்சுப்பா."

வென்றுவிட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மனசு என்னவோ செய்தது. அதைத் தும்மல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் உள்ளூர்க் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அன்று அங்கே ஆண்டு விழா, நாள் பார்த்துத்தான் வைத்திருந்தேன். சீரியல் விளக்கு, பாட்டு, பழரசம், மெத்தை வைத்த நாற்காலி. பிரின்சிபாலே வாசலில் நின்று சிரித்தார். என் மகள் கொட்டாவி விட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். "எதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று மனைவி கேட்டாள்.

"மலைக் காலேஜ்மா."

எனக்குப் புரையேறியது. "மோசமா இருந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஆமாப்பா. இதைவிட மோசமா அந்த இடம் இருக்கவே முடியாது. அன்னைக்கே எனக்குத் திரும்பி வர மனசில்ல. வெயில் அடிச்சா எப்படி இருக்கும்! உள்ளூர்க் காலேஜ் இன்னைக்கு அதோட நல்ல நாளைக் காட்டிடுச்சு. அதுக்கே எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"இந்தக் கணக்கெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

மகள் தட்டைப் பார்த்தாள். மனைவி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"நான்தான். உங்கப்பா தேடிப் பிடிச்சு இருக்கறதுலயே கேடுகெட்ட நாள்லதான் கூட்டிட்டுப் போவாரு, அன்னைக்கும் பிடிச்சா கண்ணை மூடிட்டுச் சேர்ந்துடுன்னு இவகிட்ட சொன்னேன். இவ்வளவு நல்லாப் பண்ணுவீங்கன்னு நானே எதிர்பார்க்கல."

மகளை மலைக் கல்லூரிக்கு ரயிலேற்றிவிட்டு ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று மாலை வீடு கிணறு மாதிரி இருந்தது. பழக்கதோஷத்தில் மூன்று தட்டு வைத்தேன். மனைவி ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். உள்ளே போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் ஒரு ஜோக் சொன்னேன். மின்விசிறி மட்டும் கடகடவென்றது.

"உனக்கும் அவ போறது பிடிக்கலைதானே?" என்றேன்.

"பிடிக்கலைன்னா? நாம ரெண்டு பேரும் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டு அவ இங்கேயே உட்கார்ந்திருக்கணுமா?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"அந்த மோசமான நாள் கணக்கு உனக்கு எப்படித் தோணிச்சு?"

"நான் உங்களை முதல்ல பார்த்தப்ப உங்களுக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை உருப்படியாப் பேசல. அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதான் கட்டிக்கிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. மெதுவாகக் கேட்டேன்.

"அப்புறம் என் நல்ல நாளைப் பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?"

"அதுக்குத்தாங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்கேன்."