சம்பந்தி வீட்டில் கேட்ட முட்டை

பெற்றோலுக்காக ஊரே வரிசையில் நின்ற வருசம்தான் எனக்குக் கொலஸ்ரோல் வந்தது. அந்த வரிசையில் பக்கத்து வளவு செல்லையா அண்ணை மயங்கி விழுந்தார். (அவர் நின்றது ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு. அது இப்பவும் ஸ்ரார்ட் வராது. அதை விடுவம்.) அவரைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன இடத்தில் என் இரத்தத்தையும் சோதித்தார்கள். விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. தாங்கினவனுக்குக் கொழுப்பு.

இரவில் ஒரு குளிசை போட்டு எண்ணெயைக் குறைக்கும்படி அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை சொன்னா. அவ்வளவுதான். கனடாவில் இருக்கிற மகனுக்கு அது போதவில்லை. சோறு, புட்டு, இடியப்பம், பாண், சீனி ஒன்றும் தொடக்கூடாது, முட்டையும் மீனும் சாப்பிடலாம் என்று போனில் சட்டம் போட்டான். யாழ்ப்பாணத்தானிடமிருந்து புட்டைப் பறித்தால் மிச்சம் என்ன? மூக்குக் கண்ணாடியும் இடுப்பில் சாரமும்தான்.

ஆனாலும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தேன். கடைக்குட்டி சுகந்திக்கு முப்பது தாண்டிவிட்டது. அவள் கழுத்தில் தாலி ஏறுகிறதைக் காணும்வரை இந்த நெஞ்சு ஓடவேண்டும். கால் சதை உளையத் தொடங்கியது. வயது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சுகந்தி விருப்பம் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முற்றம் கூட்டினாள். பேசி முடிக்க நானும் மனைவி பாக்கியமும் போனோம். வெள்ளிக்கிழமை. சன்னதி முருகனுக்குத் திருவிழாக் கொடி ஏறியிருந்தது.

மாப்பிள்ளைப் பெடியனின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்தா. சீனி போட்டது. வேண்டாம் என்றேன். அரியதரம், முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வந்தன. அதுவும் வேண்டாம் என்றேன். நோயாளித் தகப்பன் என்று நினைத்துவிடுவார்கள் என்று கொலஸ்ரோல் கதையை எடுக்கவில்லை. (ஒரு வீட்டிலை கை நனைக்காமல் இருக்கிறது எண்டால் எங்கடை பக்கத்திலை என்ன அர்த்தம்? நீங்கள் எங்களுக்குச் சரிவரமாட்டியள் எண்டு முகத்துக்கு நேரை சொல்லுறது.) பாக்கியம் தொடையில் கிள்ளினாள். ஏற்கெனவே இருந்த கால் உளைச்சலில் அது உறைக்கவில்லை. மத்தியானம் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெடியனின் தகப்பன் தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணை, எங்கடை வீட்டிலை சாப்பிட உங்களுக்கு ஏதும் மனக்குறையோ?"

"சீ, அப்பிடி ஒண்டுமில்லை. ஒரு முட்டை அவிச்சுத் தந்தியள் எண்டால் சாப்பிடுவன்."

கொடி ஏறினதிலிருந்து வீடு கழுவி, சட்டி பானை மாற்றி, விரதச் சமையல் நடக்கிற வீடு அது. அங்கே போய் முட்டை கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அந்த நல்ல மனிதர் அதையும் பொறுத்தார். "அது கிடக்கட்டும். பொம்பிளைப் பகுதிக்கு முழு விருப்பம்தானே?" என்றார்.

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கதிரை பின்பக்கம் விழத் துள்ளி எழும்பி முற்றத்துக்கு நொண்டி ஓடினேன். உளைவு அடங்கித் திரும்பிப் பார்த்தால், என் செருப்பையும் தன் கைப்பையையும் தூக்கிக்கொண்டு பாக்கியம் வருகிறாள். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. உங்களுடைய தகுதிக்கு நாங்கள் போதாது என்று பிறகு தரகரிடம் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பிள்ளை ஏசினா. "கால் உளைஞ்சால் உடனை வந்து சொல்லுறதெல்லே ஐயா? அந்தக் குளிசை சில பேருக்குச் சதையை உளைய வைக்கும். சோத்தை ஆர் நிப்பாட்டச் சொன்னது?" குளிசையை மாற்றித் தந்து, சிவப்பரிசிப் புட்டு அளவாகச் சாப்பிடலாம் என்றா. இப்போது கால் நல்லம். நெஞ்சும் ஓடுகிறது. எதற்காக ஓடுகிறது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு ஆர் வந்து எதைச் சாப்பிட மறுத்தாலும், "இவருக்கும் முட்டை அவிக்கட்டோ அப்பா?" என்று சுகந்தி கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முற்றம் கூட்டும்போது மட்டும் பாட்டு இல்லை.

அந்தப் பெடியனுக்கும் இன்னும் ஒன்றும் சரிவரவில்லையாம். நீங்கள் சன்னதிக்குப் போறனியள்தானே. கோயிலடியில் நீலக் கேற் போட்ட வீடு. ஒருக்கால் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுங்கோ: எழும்பினது கால்தான், நான் இன்னும் அந்த இலைக்கு முன்னாலைதான் இருக்கிறன் எண்டு.