டிலே அண்ணன் சேர்த்த கூட்டம்

தர்மபுரி மாவட்டத்திலேயே கச்சேரியை உயிராக நேசித்து, கச்சேரி கேட்க வருகிறவர்களை மனப்பூர்வமாக வெறுக்கிற ஒரே மனிதர் டிலே அண்ணன். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

பெயருக்கு செல்போன் ரிப்பேர் கடை. ரிப்பேர் ஆகாத போன்கள் குவிந்து கிடக்க, அவர் ஹெட்போனுக்குள் குடியிருப்பார். சுற்றுவட்டாரத்தில் எங்கே திருவிழாக் கச்சேரி நடந்தாலும், பார்த்தவர்கள் போனில் எடுத்த பதிவுகளையெல்லாம் வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பாட்டாக்குவது அவர் வேலை. யாரும் கொடுக்காத வேலை. முன்வரிசைப் போனில் குரல் தெளிவு, மரத்தடிப் போனில் டிரம்ஸ் திடம், மொட்டைமாடிப் போனில் வெறும் காற்று. சத்தம் பின்வரிசைக்குப் போய்ச்சேர இமைப்பொழுது தாமதமாகும். அந்தத் தாமதத்தை மவுஸால் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வார். அதை அவர் டிலே என்பார். ஊர் அவரையே டிலே என்றது.

பதிவு கொடுக்கப் போனால் விசாரணை நடக்கும்.

"எங்க நின்னுக்கினு எடுத்தீங்க?"

"புளியமரத்தாண்டங்க."

"மரத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"மரத்து மேலங்க."

அன்று முழுக்க அவர் மரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுக்குள் புகுந்த இருமல், கொட்டாவி, 'டேய், வண்டி சாவிய எங்கடா வெச்ச' எல்லாவற்றையும் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிடுவார். கூடவே பாடுகிறவர்களைத்தான் மன்னிக்க மாட்டார். ஒருமுறை பஜ்ஜிக்கடை சரோஜாக்காவின் பதிவைக் கேட்டுவிட்டு நேரே கடைக்கே போனார். "யக்கா, பாடறதுக்கு மேடையில ஆள் வெச்சிருக்காங்க. நீங்க பஜ்ஜி போடுங்க."

"எங்கூட்டுப் போனு, எங்கூட்டு வாயி. உங்களுக்கு என்னாங்க நோவுது?" என்றாள் சரோஜாக்கா.

அப்புறம் அந்த மாதா கோயில் திருவிழா. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அன்று முழுக் கச்சேரியும் பாடினாள். ஓசூரில் இசைக்குழு நடத்தும் ஒருவர், ஒரு கச்சேரிப் பதிவை வெட்டாமல் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அவளைச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். கடைசிப் பாட்டு, இரண்டாம் சரணம், ஸ்டெல்லாவுக்கு வரி மறந்துபோயிற்று. மேடைப் பதிவில் அந்த இடத்தில் கீபோர்டு மட்டும் அனாதையாக நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் நானும் கடையில் உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றாள். "அந்த எடத்தில ஏதாச்சும் ஒட்டிடுங்கண்ணா. இது போச்சுன்னா நான் துணி மடிச்சிக்கினே கெடக்க வேண்டியதுதான்."

"மொத சரணத்த எடுத்து ஒட்டவா? ஒடம்பு ஒண்ணு, தல ரெண்டுன்னு நிக்கும்மா பாட்டு."

சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டினார். கையிலிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மரத்தடிப் பதிவில், அவள் வரி மறந்து நின்ற இடத்தில், தூரத்தில் யாரோ அந்த வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜிக்கடைப் பக்கமிருந்து. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்: பங்காளி வீட்டில் தண்ணீர் கேட்க நேர்ந்தவர் முகம்.

சாயங்காலமே என் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு கிளம்பினார்.

"என்னாங்க தம்பி, பஜ்ஜிதான் போட்டுக்கினு இருக்கேன்" என்றாள் சரோஜாக்கா.

"நீங்க பாடனது வேணும்க்கா."

"நான் வாயவே தொறக்கலியே. நீங்கதான கூடாதுன்னீங்க."

டிலே அண்ணனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. சரோஜாக்கா நிதானமாக இரண்டு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "பொய்யி. இந்தாங்க."

அடுத்து ஆட்டோ ஸ்டாண்டு. அடுத்து தக்காளி மண்டி. திட்டு வாங்கியவர்களெல்லாம் அவர் வாயால் மன்னிப்பு கேட்கவைத்துவிட்டுத்தான் பதிவைக் கொடுத்தார்கள். மண்டிக்காரர் இரண்டு தடவை கேட்கச் சொன்னார்.

அத்தனையையும் அடுக்கினார். ஸ்டெல்லா நிற்கிறாள், ஒரு மூச்சு, பிறகு வரி மெல்ல எழுந்து, ஆட்டோவும் மண்டியும் எண்ணெய்ச் சட்டியும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போக, கடைசிச் சொல்லில் அவளும் வந்து சேர்கிறாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பாடவில்லையே என்றேன்.

"கூட்டம்னா கொஞ்சம் முன்ன பின்னதாங்க இருக்கும்" என்றார். டிலே அண்ணன் வாயிலிருந்து.

கேட்டுவிட்டு ஓசூர்க்காரர் போன் செய்தார். ஸ்டெல்லாவும் கடையில் இருந்தாள்.

"அந்த எடத்தில பாட்ட ஜனத்துகிட்ட விட்டுச்சே பொண்ணு, வேணும்னு விட்டுச்சா?"

"இல்லீங்க. மறந்துடுச்சு" என்றார் டிலே அண்ணன்.

ஸ்டெல்லா அவர் முதுகில் ஓங்கிக் குத்தினாள். அந்தப் பக்கம் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்கும் சத்தம் வந்தது. பிறகு, "மறந்தா ஊரே எடுத்துக் குடுக்குதா? அந்தப் பொண்ண அனுப்பிவைங்க" என்றது போன்.

இப்போது ஸ்டெல்லா ஓசூர்ப் பக்கம் ஓய்வில்லாமல் பாடுகிறாள். அந்தப் பாட்டு என் போனில் இருக்கிறது. ஊர் பாடுகிற அந்த இடத்தில், எண்ணெய்ச் சத்தத்துக்குப் பின்னால், சுருதிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு ஆண்குரல் கேட்கும். என் குரல்தான், திருவிழாவன்று பஜ்ஜிக்கடை ஓரம் நின்று கூடவே பாடியது. அதைப் பிடுங்கி எறிய டிலே அண்ணனுக்கு ஒரு நொடி போதும். எறியவில்லை. கவனித்துக் கேட்டால், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வைத்திருக்கிறார்.